கருங்கரடியும் மலையேறும் பசுமையும்: வசந்த கால வேட்டையில் கரடியைக் கண்டடைவது எப்படி

அமெரிக்காவின் மான்டனா, ஐடஹோ மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஏப்ரலில் தொடங்கி மே, ஜூன் வரை கருங்கரடி வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. அந்த வேட்டையைப் பற்றிப் பேசுவோரிடம் மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வரும். மாதக்கணக்கில் தூங்கி எழுந்த கரடி அகோரப் பசியோடு எதைக் கண்டாலும் தின்னும் என்பது ஒன்று. காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தால் எங்காவது ஒரு கரடி எதிர்ப்படும் என்பது இன்னொன்று. கருங்கரடி கறுப்பாகத்தான் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு, மூன்றாவது தவறு சட்டச் சிக்கலிலும் ஓர் அரிய உயிரின் சாவிலும் கொண்டுபோய் விடக்கூடியது.

உண்மையில் வசந்த காலத்துக் கரடி எங்கே நிற்கும் என்பதை ஓரளவு கணித்துச் சொல்லிவிட முடியும். அதற்குக் கரடியைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, அது தின்னும் புல்லைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் அதிகம் உதவும். புல் எங்கே முளைக்கிறது, எப்போது முளைக்கிறது, எத்தனை நாள் இளசாக இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் மையம். சுடுவதைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. வேட்டைக்குப் போகிறவர் மலையில் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி பார்ப்பதிலேயே கழிகிறது. அந்தப் பார்வை ஒளிப்படம் எடுப்பவருக்கும், கரடியைத் தவிர்த்து நடக்க விரும்பும் மலையேறிக்கும் அப்படியே பயன்படும்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. கரடி என்றதும் நம் நினைவுக்கு வருவது கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சும் நம் காட்டுக் கரடி. அது வேறு இனம். குளிர்காலத்தில் உறங்குவதும் இல்லை. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கருங்கரடி மட்டுமே. வட அமெரிக்கா முழுவதும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவை இருப்பதாக மதிப்பிடப்படும் இனம் அது.

தணலாக இருந்த உடல்

குளிர்கால உறக்கம் என்பது, உணவு கிடைக்காத மாதங்களில் உடலின் செலவை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, சேர்த்துவைத்த கொழுப்பில் உயிர்வாழ்வது. அடுப்பை அணைத்துவிடாமல் நீறு பூத்த தணலாக வைத்திருப்பதைப் போன்றது அது. தரை அணில் போன்ற சிறு விலங்குகளின் உடல் வெப்பம் உறைநிலைக்கு அருகில்கூட இறங்கிவிடும். கரடியின் வெப்பம் அவ்வளவு இறங்குவதில்லை; 37, 38 டிகிரி செல்சியஸில் இருந்து 30 முதல் 33 டிகிரி வரைதான் குறையும். இதயத்துடிப்போ நிமிடத்துக்குப் பத்துச் சொச்சம் என்ற அளவுக்குத் தாழ்ந்துவிடும். மான்டனாவும் ஐடஹோவும் அமைந்திருக்கும் ராக்கி மலைப்பகுதியில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கரடி உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை, சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை. சிறுநீரில் வெளியேற வேண்டிய நைட்ரஜனை உடலே திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்வதால், இத்தனை காலம் அசையாமல் கிடந்தும் அதன் தசை பெரிதாக உருகிப்போவதில்லை. எடையில் ஏறத்தாழ 15 முதல் 30 சதவீதம் குறைகிறது. அதில் பெரும்பங்கு கொழுப்பு.

மண்ணைத் தோண்டிய பள்ளம், பெருமரத்தின் வேரடி, உள்ளீடற்ற மரத்தண்டு, பாறையிடுக்கு என்று உறங்குமிடம் எதுவாகவும் இருக்கலாம். அங்கிருந்து எல்லாக் கரடிகளும் ஒரே நாளில் வெளிவருவதில்லை. முதலில் வளர்ந்த ஆண்கள் வரும். பிறகு தனித்த பெண்களும், போன ஆண்டுக் குட்டிகளோடு இருக்கும் பெண்களும் வரும். ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ குட்டி ஈன்ற தாய் கடைசியில்தான் வெளியே வரும்; பிறக்கும்போது அரைக் கிலோகூட எடையில்லாத அந்தக் குட்டிகள் தாயைத் தொடர்ந்து நடக்கும் அளவுக்கு வளர வேண்டுமல்லவா? ஆகவே, காலத் தொடக்கத்தில் மலையில் தென்படும் கரடி ஆணாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. மே மாதம் முற்ற முற்ற அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

இனி அந்த அகோரப் பசிக்கு வருவோம். நாள்கணக்கில் விரதம் இருந்தவர் எழுந்ததும் விருந்தில் உட்காருவதில்லை, கஞ்சியில்தான் தொடங்குவார். கரடியின் உடலும் அப்படித்தான். வெளியே வந்த பின் இரண்டு, மூன்று வாரங்கள் அதன் உடல் இயக்கம் இயல்பைவிடத் தாழ்ந்தே இருக்கும். குறைவாகவே தின்னும், குறைவாகவே குடிக்கும், உறங்கிய இடத்தைச் சுற்றியே வெயிலில் படுத்துக் கிடக்கும். இந்த இடைநிலையை ஆய்வாளர்கள் நடமாடும் உறக்கம் என்கிறார்கள். உண்மையான பெரும்பசி கரடிக்கு இலையுதிர் காலத்தில்தான் வருகிறது. அப்போது ஒரு நாளில் 15,000 முதல் 20,000 கலோரி வரை அது தின்னக்கூடும். வசந்தத்தில் நிலைமை வேறு. கோடையில் பெர்ரிப் பழங்கள் கனியும் வரை பல கரடிகளின் எடை கூடுவதே இல்லை.

சுருங்கச் சொன்னால்: வெளிவந்தவுடன் கரடி எங்கும் வெறிகொண்டு அலைவதில்லை. உறங்கிய இடத்தருகே சில வாரங்கள் மந்தமாக இருந்துவிட்டு, மெல்ல உணவை நோக்கி நகரும். அந்த உணவு எது என்பதே அடுத்த கேள்வி.

மாமிச உண்ணியின் வயிறு, மாட்டின் மேய்ச்சல்

மே மாதத்துக் கரடியைத் தொலைவிலிருந்து கவனிப்பவருக்கு முதலில் வியப்பாக இருப்பது அது மேய்வதுதான். தலையைக் குனிந்து, மாட்டைப் போலவே, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதன் வயிறு மாட்டின் வயிறு அன்று. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. அதில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கவைத்து உணவாக்கித் தருகின்றன. கரடிக்கு இருப்பது நாயைப் போன்ற ஒற்றை இரைப்பை. செடிகொடிகளின் உயிரணுச் சுவரைக் கட்டும் நார்ப்பொருளான செல்லுலோஸை அதனால் செரிக்க இயலாது.

அப்படியானால் புல் எப்படி உணவாகிறது? சமையலறையில் இதற்கு விடை இருக்கிறது. இளங்கீரையைத் தண்டோடு சமைக்கலாம். அதே கீரை முற்றிவிட்டால் தண்டு வாயில் சக்கையாக நிற்கும். புல்லும் அவ்வாறே. முளைத்து ஓரிரு வாரமே ஆன தளிரில் புரதமும் நீரும் மிகுதி, நார் குறைவு. கரடியின் எளிய வயிறு அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ள முடியும். அதே புல் பூவெடுத்து முற்றிவிட்டால் கரடிக்கு அது வைக்கோல். இந்த ஒரு காரணத்தால் வசந்தத்துக் கரடி இளம்புல்லைத் துரத்திக்கொண்டே போகும் விலங்காகிறது. புல்லோடு டேண்டிலயன், குளோவர் போன்ற சிறு செடிகள், நீர்க்கசிவில் வளரும் ஹார்ஸ்டெயில் என்ற செடி, ஆஸ்பென் மரத்தின் மொட்டுகள் ஆகியவற்றையும் தின்னும். கல்லைப் புரட்டி எறும்பைத் தேடும். குளிர்காலத்தில் மடிந்த மான், எல்க் மான் ஆகியவற்றின் உடல் கிடைத்தால் விடாது. மே கடைசியில் எல்க் குட்டிகள் பிறக்கும்போது அவற்றையும் பிடிக்கும். எனினும் நாளும் பொழுதும் அதைத் தாங்குவது புல்தான்.

பசுமை மலையேறும் கணக்கு

மலையில் வசந்தம் ஒரே நாளில் வருவதில்லை. அடிவாரத்தில் தொடங்கி உச்சியை நோக்கி ஏறுகிறது. பனி உருகி விலகும் விளிம்பை ஒட்டி ஒரு பச்சைக் கோடு முளைக்கும். பனி பின்வாங்கப் பின்வாங்க அந்தக் கோடும் மேலே போகும். கோட்டுக்குக் கீழே புல் முற்றத் தொடங்கியிருக்கும், மேலே இன்னும் பனி. நடுவில் இருக்கும் குறுகிய பட்டைதான் கரடியின் சாப்பாட்டு இலை.

இந்த ஏற்றத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918 இல், வசந்த நிகழ்வுகள் 400 அடி உயரத்துக்கு நான்கு நாள் வீதம் தாமதமாகின்றன என்று வகுத்துச் சொன்னார். 400 அடி என்பது சுமார் 120 மீட்டர். ஆக, பசுமை நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் மலையேறுகிறது. 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கில் ஏப்ரல் 20 அன்று புல் முளைத்தது என்று வைத்துக்கொண்டால், 1,500 மீட்டரில் அது ஏப்ரல் இறுதியிலும், 2,100 மீட்டரில் மே 20 வாக்கிலும் முளைக்கும். இது சராசரிக் கணக்கு. பனி மிகுந்த ஆண்டில் வாரக்கணக்கில் பிந்தும், வெதுவெதுப்பான ஆண்டில் முந்தும். தேதியை நம்பாமல் அந்த ஆண்டின் பனிக்கோட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே சரி. போன ஆண்டு மே 10 அன்று கரடி நின்ற இடத்தில் இந்த ஆண்டும் மே 10 அன்று போய்த் தேடுவது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை. இடம் அதுவே இருக்கும்; புல்லின் வயது அதுவாக இருக்காது.

உயரத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. வடகம் காயவைப்பவர் தட்டை வெயிலுக்கு நேராகச் சாய்த்துவைத்தால் சீக்கிரம் காயும் என்று அறிவார். மான்டனா ஏறக்குறைய 45 முதல் 49 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், அங்கே நண்பகலிலும் சூரியன் தென்வானில்தான் நிற்கும். மே தொடக்கத்தில் 30 பாகை சாய்ந்த தெற்குச் சரிவில் நண்பகல் வெயில் கிட்டத்தட்ட நேராக விழும். அதே சாய்வுள்ள வடக்குச் சரிவில் அந்த வெயில் இருமடங்குப் பரப்பில் பரவி வலுவிழந்துவிடும். அதனால்தான் ஒரே உயரத்தில், ஒரே ஓடையின் இரு கரைகளில், ஒன்று பச்சையாகவும் மற்றது முழங்கால் ஆழப் பனியோடும் இருக்கக் காண்கிறோம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வளர்ந்த நமக்கு இந்த வேற்றுமை உடனே மனத்தில் பதிவதில்லை. அந்த மலைகளில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஏப்ரல் பிற்பாதியில் தாழ்ந்த தெற்குச் சரிவுகள், மே நடுவில் அவற்றின் மேற்பகுதியும் கிழக்கு, மேற்குச் சரிவுகளும், ஜூனில் உயர்ந்த இடங்களும், தாமதமாகப் பச்சையாகும் வடக்குச் சரிவுகளின் திறந்த பகுதிகளும். கரடி இந்த வரிசையில்தான் நகர்கிறது.

பச்சைத் துண்டுகள் கிடக்கும் இடங்கள்

அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் வெளிச்சம் தரையைத் தொடுவதில்லை. அங்கே புல்லும் இல்லை. ஆகவே காட்டுக்குள் இருக்கும் திறப்புகளையே தேட வேண்டும்.

என் கணக்கில் அவற்றுள் முதன்மையானது பனிச்சரிவுத் தடம். குளிர்காலத்தில் பனிப்பாளம் பெயர்ந்து ஒரே வழியில் மீண்டும் மீண்டும் பாய்வதால் அந்த வழியில் பெருமரம் எதுவும் நிலைப்பதில்லை. உச்சியிலிருந்து அடிவாரம் வரை வகிடெடுத்தாற்போல் ஒரு பட்டை திறந்து கிடக்கும். வசந்தத்தில் அந்தப் பட்டையில் நல்ல ஈரம், நல்ல வெளிச்சம், இருபுறமும் ஒளிந்துகொள்ள மரம். தடத்தின் அடியில் உருகாமல் எஞ்சும் பனிக்குவியலின் விளிம்பு, அது கரையக் கரையப் புதுப்புதுத் தளிரைத் தந்துகொண்டே இருக்கும். பனிச்சரிவில் சிக்கி மாண்ட மலையாட்டின் உடலும் சில வேளை அங்கே வெளிப்படும்.

அடுத்தது கைவிடப்பட்ட மரம்வெட்டுச் சாலைகள். மரம் வெட்டி முடித்ததும் சாலையில் வண்டி போகாதபடி கதவிட்டு மூடி, மண் அரிக்காமல் இருக்கப் புல்லும் குளோவரும் விதைத்துவிடுவது வழக்கம். மலைச்சரிவில் கிடையாக ஓடும் அந்தச் சாலை, கரடிக்கு நடக்கவும் எளிது, மேயவும் எளிது. மரம் வெட்டி நீக்கிய வெளிகளும், சில ஆண்டுகளுக்கு முன் தீயில் எரிந்த சரிவுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. நீர் கசியும் இடங்கள் சிறியவை. ஆனால் சுற்றிலும் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பவை என்பதால் மே கடைசியில் அவற்றின் மதிப்புக் கூடும்.

உட்கார்ந்து தேடுவது

நடந்து தேடுவதில் ஒரு அடிப்படைக் குறை உண்டு. நடப்பவர் ஓசை எழுப்புகிறார், மணத்தைப் பரப்புகிறார், மரங்களுக்கு நடுவே அதிகம் போனால் ஐம்பது மீட்டர்தான் பார்க்கிறார். எதிர்ச்சரிவில் உட்கார்ந்திருப்பவரோ ஒரே இடத்திலிருந்து பல நூறு ஏக்கரைப் பார்க்கிறார். ஆகையால் பழகியவர்கள் பள்ளத்தாக்குக்கு மறுபுறம், பச்சைச் சரிவுக்கு நேரெதிரே, ஒரு கிலோமீட்டர் தொலைவில் அமர்ந்து பைனாக்குலரில் துழாவுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாக்குலரை முக்காலியில் பொருத்திவிட்டால் கை நடுக்கம் போய்விடும். நடுக்கம் போனால் சிறு அசைவும் தெரியும். முக்காலியை வீண் சுமை என்று விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். புதியவருக்கு உதவும் பொருள்களில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான்.

ஒரு மே மாத மாலையை எடுத்துக்கொள்வோம். மணி ஐந்து. எதிரே பழைய தீயில் எரிந்த சரிவு. கரிந்த கட்டைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, கிடக்கின்றன. புதியவர் கண்ணுக்கு அவற்றில் பாதி கரடியாகத் தெரியும். பதற்றப்படாமல் சரிவை மனத்துக்குள் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பாத்தியையும் மெல்லப் பார்த்து முடித்து, மீண்டும் முதல் பாத்திக்கு வர வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் இந்த வேலைக்குப் பலன் கிடைக்கிறது. ஆறரை மணிக்கு, சாலை வளைவுக்குக் கீழே மூன்று கட்டைகள் இருந்த இடத்தில் நான்கு இருக்கின்றன. நான்காவது கட்டை மற்றவற்றைவிடக் கறுப்பு. கரிந்த மரம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் படிந்திருக்கும், கரடியின் மயிரோ ஒளியை அப்படியே விழுங்கும். பிறகு அந்தக் கட்டையின் ஒரு நுனி தாழ்கிறது, நிமிர்கிறது, மீண்டும் தாழ்கிறது. மேய்கிறது.

காலையும் மாலையும் பார்க்க வேண்டும் என்றாலும், வசந்தத்தில் மாலைக்கே முதலிடம். இரவுக் குளிரில் உறைந்த சரிவு காலையில் தாமதமாகவே இளகும், கரடியும் அவசரப்படாது. காலத் தொடக்கத்தில், குளிர்ந்த நாள்களில், நண்பகலிலும் வெயில் காய்ந்துகொண்டு மேயும். மே கடைசியில் வெப்பம் ஏறியதும், அடர்ந்த மயிருள்ள விலங்கு பகல் முழுக்க நிழலில் கிடந்துவிட்டு, சூரியன் மறைவதற்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் வெளியே வரும். இருட்டப்போகிறதே என்று முன்கூட்டியே மூட்டை கட்டுகிறவர், சரியான நேரத்தில் இடத்தைக் காலி செய்கிறார்.

தரை தரும் சேதி

சரிவைப் பார்த்துக் கரடி தென்படாத நாளில், சாலையில் நடந்து தரையைப் பார்ப்பது பயன் தரும். முதலில் எச்சம். புல் தின்ற கரடியின் எச்சம் உள்ளங்கையில் கொள்ளாத குவியலாக இருக்கும். புதிதாக இருக்கையில் கரும்பச்சை நிறம், ஈரப் பளபளப்பு, குச்சியால் பிளந்தால் உள்ளே அரைகுறையாக அரைபட்ட புல் நார் இழை இழையாகத் தெரியும். துர்நாற்றம் இருக்காது, வெட்டிப் போட்ட புல் வாடையே அடிக்கும். செரிமானம் எவ்வளவு குறை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஓரிரு நாள் வெயில் பட்டால் மேல்தோல் கறுத்துக் காயும், உள்ளே பச்சை இருக்கும். உள்ளும் காய்ந்திருந்தால் கரடி அந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விட்டது என்று கொள்ளலாம். ஒரே சாலையில் பழையது, நடுத்தரம், புதியது என மூன்று வயதில் எச்சம் கிடந்தால், ஒரு கரடி அங்கே வழக்கமாக வந்து மேய்கிறது என்று பொருள், அங்கே உட்காரலாம்.

அடுத்து, காலடித் தடம். பின்காலின் தடம் வெறுங்காலோடு மனிதர் நடந்ததைப் போலவே இருக்கும், ஒரு வேற்றுமையோடு: நம் பெருவிரல் உள்பக்கம் இருக்கிறது, கரடியின் பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கும். ஆகவே வலது காலின் தடம் இடது காலைப் போலத் தோன்றி முதலில் குழப்பும். புரட்டிப்போட்ட கற்கள், பிய்த்தெறிந்த மக்கிய மரம், நுனி மட்டும் கடிபட்ட குளோவர், மயிர் ஒட்டியிருக்கும் உரசல் மரம் ஆகியவையும் அடையாளங்களே. இவற்றில் புதியதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். மரப்பட்டையில் உள்ள நகக்கீறல் பல ஆண்டு பழையதாக இருக்கலாம்.

காற்று

கரடிக்குக் கண் தெரியாது என்ற பேச்சும் பரவலாக உண்டு. அது சரியன்று, அதன் பார்வை ஏறத்தாழ நம் பார்வைக்கு ஈடானது, நிறமும் அறியும். ஆனால் அது நம்பி வாழ்வது மூக்கை. தொலைவில் கண்ட கரடியை நோக்கி நெருங்குபவர் தோற்பது பெரும்பாலும் அந்த மூக்கிடம்தான்.

மலைக்காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் பட்டுச் சரிவு சூடேறினால் அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். சரிவு குளிர்ந்தால் காற்று கனத்துக் கீழே வழியும். ஆக, பகலில் காற்று மேல்நோக்கி, மாலை நிழல் விழுந்த பின் கீழ்நோக்கி. கரடி மேயவரும் நேரமும் காற்றுத் திசை மாறும் நேரமும் மாலையில் ஒன்றோடொன்று மோதுவதால், கீழிருந்து ஏறுகிறவருக்கும் மேலிருந்து இறங்குகிறவருக்கும் நடுவழியில் காற்று காலை வாரிவிடக்கூடும். காற்று நிலைப்படும் வரை காத்திருப்பதோ, பக்கவாட்டில் அணுகுவதோ, அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வருவதோதான் வழி. நல்ல புல்லில் மேயும் கரடி, கலைக்கப்படாவிட்டால், மறுநாளும் அக்கம்பக்கத்திலேயே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஒழுங்கெல்லாம் ஜூனில் குலையும். மே இறுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை கருங்கரடியின் இணைசேரும் காலம். அப்போது ஆண் கரடி புல்லை மறந்து பெண்ணைத் தேடி மைல்கணக்கில் அலையும்; நேற்றைய இடம் இன்றைக்குச் செல்லாது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும்

வசந்த வேட்டை பற்றிய வாக்குவாதங்களில் எல்லா இடத்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் குழப்பம் பெருகுகிறது. உணவு வைத்துக் கரடியை ஈர்ப்பது மான்டனாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கூடாது. ஐடஹோவின் பல பகுதிகளில் உரிமத்தோடு கூடும். கொலராடோவில் 1992 இல் மக்கள் வாக்களித்து வசந்த வேட்டையையே நிறுத்திவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அதற்குப் பொறுப்பான ஆணையம் 2022 இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. கனடாவின் ஒன்டாரியோ 1999 இல் நிறுத்திப் பின்னாளில் மீண்டும் தொடங்கியது. இந்த வாதங்களின் நடுவில் நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: தாயைச் சுட்டுவிட்டால் குட்டி என்னாகும்? அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விடை பைனாக்குலர் பிடித்திருப்பவரின் பொறுமையில் இருக்கிறது.

கண்ட பிறகு: எந்தக் கரடி, யாரோடு வந்த கரடி

கருங்கரடி என்பது இனத்தின் பெயர், நிறத்தின் பெயர் அன்று. மேற்கு மலைகளில் அது கறுப்பாகவும் இருக்கும். காப்பிக்கொட்டை நிறம், இலவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம் ஆகியவற்றிலும் இருக்கும். அதே மலைகளின் சில பகுதிகளில் பழுப்புக் கரடி இனத்தைச் சேர்ந்த கிரிஸ்லி கரடியும் வாழ்கிறது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் அது 1975 முதல் அழிவாபத்துள்ள இனங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2017 இறுதியில் கிரிஸ்லி வேட்டையை நிறுத்திவிட்டது. நிறத்தைக் கொண்டோ பருமனைக் கொண்டோ இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இளம் கிரிஸ்லி பெரிய கருங்கரடியைவிடச் சிறியதாக இருக்கலாம், கறுப்பாகவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியவை வேறு. கிரிஸ்லியின் தோளுக்கு மேல் தசைத் திமில் எழும்பி நிற்கும்; கருங்கரடிக்கு முதுகின் உச்சி பின்பக்கம் இருக்கும். கிரிஸ்லியின் முகம் பக்கவாட்டில் குழிந்தும், கருங்கரடியின் முகம் நெற்றியிலிருந்து மூக்கு வரை நேராகவும் இருக்கும். கிரிஸ்லியின் காது சிறியது, உருண்டை. கருங்கரடியின் காது உயர்ந்து நிற்கும். கிரிஸ்லியின் முன்கால் நகம் நீண்டு, தொலைவிலிருந்தே தெரியும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. தலையைத் தாழ்த்தி மேயும் கருங்கரடிக்கும் திமில் இருப்பதுபோல் தோன்றும். மான்டனாவில் கருங்கரடி உரிமம் பெற விரும்புவோர் இந்த வேற்றுமைகளை அறியும் தேர்வில் முதலில் தேற வேண்டும். இது மிகச் சரியான விதி என்பது என் எண்ணம்.

குட்டியோடு இருக்கும் கரடியைச் சுடுவதும் அங்கே சட்டவிரோதம். சிக்கல் என்னவென்றால், தாய் மேயும்போது குட்டி எப்போதும் அதன் காலடியில் நிற்பதில்லை. ஆபத்து என்று தோன்றினாலும், சும்மா களைத்துப்போனாலும், குட்டிகள் அருகிலிருக்கும் மரத்தில் ஏறிக் கிளைக்கவட்டில் சுருண்டு தூங்கிவிடும். தாய் நூறு மீட்டர் தள்ளிப் புல்லில் தனியாக நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தனிக் கரடி. ஆகவே கரடியைப் பார்ப்பதோடு, அதைச் சுற்றியுள்ள மரங்களையும் பார்க்க வேண்டும். கரடி எந்தப் பக்கம் திரும்பத் திரும்ப நிமிர்ந்து பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேய்ந்துகொண்டே ஒரே மரத்தை விட்டு விலகாமல் சுற்றிவரும் கரடி ஐயத்துக்கு உரியது.

அந்த மாலைச் சரிவுக்கே திரும்புவோம். நான்காவது கட்டை இப்போது சாலை ஓரம் வரை ஏறிவந்து முக்கால் மணி நேரமாக மேய்கிறது. முகம் நேர், காது உயரம், திமில் இல்லை; கருங்கரடிதான். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் இருக்கும். கரடி தலையை நிமிர்த்தி, பின்னால் நிற்கும் பெரிய லார்ச் மரத்தைப் பார்க்கிறது. மரத்தின் பாதி உயரத்தில், கிளை தண்டோடு சேரும் இடத்தில், இதுவரை பட்டை முடிச்சாகத் தெரிந்த ஒன்று கால் நீட்டுகிறது. பின்பக்கமாக, நகத்தால் பட்டையைப் பற்றிப் பற்றி, அது இறங்கிவருகிறது. அதற்கு மேலே இன்னொன்று.

முக்காலியை மடித்துப் பையில் வைக்கலாம். நாளைக்கு அடுத்த ஓடையின் சரிவைப் பார்க்க வேண்டும்.